பழைய எம்ஜிபி காருக்குப் புதிய வகை ஆயில் ஃபில்டர்: முதன்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபி கார்கள் தயாராயின. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தன் கையாலேயே பராமரிக்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். 1798 சி.சி. எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா உதிரிப்பாகங்களும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் முதல் சில ஆண்டுகளில் வந்த கார்களில் ஒரு வேலை மட்டும் புதியவர்களைத் தொடர்ந்து சோதித்து வருகிறது. ஆயில் ஃபில்டர் மாற்றுவதுதான் அது.

அந்தக் கார்களில் ஃபில்டர் இன்றைய டப்பா வடிவில் இருக்காது. எஞ்சினின் வலப்பக்கத்தில் ஒரு வார்ப்புத் தலை இருக்கும். அதிலிருந்து ஓர் இரும்புக் கிண்ணம் கீழ்நோக்கித் தொங்கும். கிண்ணத்துக்குள் காகித வடிகட்டி, அதன் அடியில் ஸ்பிரிங், வாஷர், அழுத்தத் தட்டு. எல்லாவற்றையும் நடுவில் ஒரு நீண்ட போல்ட் கோத்துப் பிடித்திருக்கும். கிண்ணத்தின் விளிம்பு, தலையில் வெட்டிய வட்டப் பள்ளத்துக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தின் மேல் அழுந்தி ஆயிலை அடைக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த வளையத்தை மாற்ற வேண்டும். பழையதைத் தோண்டி எடுப்பதும் புதியதைத் தலைகீழான பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வைப்பதும் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஆயில் சொட்டச் சொட்டச் செய்யும் வேலை. கிண்ணத்துக்குள் இருக்கும் சிறு பாகங்களில் ஒன்றைத் தவறவிட்டால் ஆயில் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு வடிகட்டப்படாமலேயே பேரிங்குகளுக்குப் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இதற்கு மாற்றாக, கிண்ணம் இருந்த இடத்தில் ஓர் அடாப்டரைப் பொருத்தி, அதில் இன்றைய வகை ஃபில்டரைத் திருகி மாட்டலாம். பிற்கால எம்ஜிபிகளில் தொழிற்சாலையே திருகி மாட்டும் ஃபில்டருக்கு மாறிவிட்டது. ஆகவே இது காரின் இயல்புக்கு எதிரான மாற்றம் ஆகாது. இதனால் காரின் வேகமோ சக்தியோ கூடாது. ஆயில் மாற்றுவது எளிதாகும், தவறு நேரும் வாய்ப்பு குறையும். அந்த இரண்டுக்காகவே இதைச் செய்கிறோம். தொழிற்சாலையில் இருந்த அதே நிலையைப் போட்டிகளில் காட்ட வேண்டிய கார் என்றால் கிண்ணத்தை விட்டுவிடுங்கள். சாலையில் ஓட்டுகிற கார் என்றால் மாற்றலாம்.

ஆயில் போகும் வழி

கையில் ஸ்பேனரை எடுக்கும் முன் ஆயில் எப்படி ஓடுகிறது என்று மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எம்ஜிபியின் ஆயில் பம்ப் எஞ்சினுக்குள், கேம் தண்டால் இயங்குகிறது. அது சம்ப்பிலிருந்து, அதாவது எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியிலிருந்து, உறிஞ்சிய ஆயில் எஞ்சினின் பின்பகுதியில் வெளியே வந்து, ஒரு குழாய் வழியாக ஃபில்டர் தலைக்குப் போகிறது. ஆயில் கூலர் உள்ள கார்களில் முதலில் கூலருக்குப் போய்ப் பிறகு தலைக்கு வரும். தலையிலிருந்து ஆயில் ஃபில்டரின் வெளிவட்டத்தில் இறங்கி, காகிதத்தைக் கடந்து, நடுத்துளை வழியாக மேலேறி எஞ்சினின் முதன்மை ஆயில் பாதைக்குள் நுழைகிறது. வெளிவட்டத்தில் இருப்பது அழுக்கான ஆயில், நடுவில் இருப்பது சுத்தமானது. இவை இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரிப்பதும், இரண்டும் வெளியே ஒழுகாமல் தடுப்பதும்தான் அடாப்டரின் வேலை. பிற்பாடு வரும் எச்சரிக்கைகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் வேலை பார்த்த மெக்கானிக் யாரேனும் உங்கள் ஊரில் இருந்தால், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எம்ஜிபிக்கு முன் வந்த எம்ஜிஏவிலும் எம்ஜிபியிலும் அம்பாசடரிலும் இருப்பது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஒரே பி-சீரிஸ் குடும்பத்து எஞ்சின். அவருடைய கைக்கு இந்த எஞ்சின் அந்நியமாக இருக்காது.

கிட் வாங்கும் முன்

எம்ஜிபிகளில் டெக்கலமிட், ப்யூரோலேட்டர் ஆகிய இரண்டு நிறுவனங்களின் ஃபில்டர் அமைப்புகள் வந்தன. கிண்ணங்களின் அளவு ஒன்றாக இல்லாததால் வளையங்களின் அளவும் வேறுபடும். காகித வடிகட்டி வாங்கும்போது பெட்டிக்குள் வெவ்வேறு தடிமனில் பல ரப்பர் வளையங்கள் இருப்பது இதனால்தான். அடாப்டரும் அப்படியே. உங்கள் காரின் ஃபில்டர் தலையின் மேல் என்ன பெயர் வார்க்கப்பட்டிருக்கிறது என்று முதலில் துடைத்துப் பாருங்கள். பள்ளத்தின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கிண்ணத்தை இன்னும் கழற்றாதவர்கள் கிண்ண விளிம்பின் விட்டத்தையாவது அளக்கலாம். எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 60 ஆண்டு வாழ்ந்த கார்களில் எஞ்சின் மாறியிருப்பது சர்வசாதாரணம். கார் தயாரான ஆண்டை மட்டும் சொல்லி கிட் கேட்காதீர்கள்.

கிட்டுகள் பொதுவாக மூன்று வகை. பழைய தலையை அப்படியே வைத்துக்கொண்டு கிண்ணத்துக்குப் பதிலாக மாட்டும் அடாப்டர் முதல் வகை. தலையையே நீக்கிவிட்டு முழுதாகப் புதிய தலை போடுவது இரண்டாவது. ஃபில்டரை எஞ்சினைவிட்டு வேறிடத்துக்கு நகர்த்தி இரண்டு ஹோஸ் வழியாக இணைப்பது மூன்றாவது. முதன்முறை செய்பவருக்கு முதல் வகையே போதும். மூன்றாவது வகையில் புதிதாக நான்கு இணைப்புகள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் கசிய ஒரு வாய்ப்பு. பந்தயத்துக்குப் போகாத காருக்கு அது தேவையே இல்லை.

அடைப்பு வால்வையும் கவனியுங்கள். காகிதம் அடைத்துக்கொண்டால் ஆயில் எஞ்சினுக்குப் போவதே நின்றுவிடக் கூடாது என்பதற்காக, பழைய தலைக்குள் ஒரு சிறிய குண்டு வால்வு வைத்திருக்கிறார்கள். அடைப்பு ஏற்பட்டால் அது திறந்து ஆயிலை நேராக அனுப்பும். பேரிங்குக்கு அழுக்கு ஆயில் போவது ஆயிலே போகாததைவிட மேல் என்ற கணக்கு. பழைய தலையை வைத்துக்கொண்டால் இந்த வால்வும் உங்களிடமே இருக்கும். முழுத் தலையையும் மாற்றினால், நீங்கள் வாங்கும் ஃபில்டருக்குள் அந்த வால்வு இருந்தே ஆக வேண்டும். எல்லா ஃபில்டர்களிலும் அது கிடையாது. கடைக்காரரிடம் கேட்டு, தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மரை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இத்தகைய அடாப்டர்களில் பெரும்பாலும் முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரையும் உள்ள குழாய் முனை இருக்கும். ஃபோர்டு கார்களில் நெடுங்காலமாகப் புழங்கிய அளவு இது. மில்லிமீட்டரில் சொன்னால் விட்டம் 19.05, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.5875. ஹோண்டா முதலிய ஜப்பானிய கார்களில் வரும் ஃபில்டரின் மரை 20 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆபத்து என்னவென்றால், 20 மி.மீ. ஃபில்டரை முக்கால் அங்குல முனையில் திருகினால் அது ஏறிவிடும். கேஸ்கெட் அழுந்தும். கையில் இறுக்கமாகவும் தெரியும். உண்மையில் மரைகளின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும்.

எம்ஜிபி ஓடும்போது ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரை இருக்கும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. ஃபில்டர் கேஸ்கெட்டின் விட்டம் ஏறத்தாழ 70 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 80 பவுண்டு அழுத்தத்தில் அந்த வட்டத்தின் மேல் 200 கிலோவுக்கு மேற்பட்ட விசை ஃபில்டரைக் கீழே தள்ளுகிறது. காலைக் குளிரில், கெட்டியான ஆயிலில், எஞ்சினைக் கிளப்பியவுடன் இந்த விசை உச்சத்தில் இருக்கும். நுனி மட்டும் பற்றிய மரை அதைத் தாங்காது. ஃபில்டர் கழன்று விழுந்தால் ஆயில் முழுதும் சாலையில் கொட்டிவிடும்.

ஆகவே, ஃபில்டரை முதலில் கேஸ்கெட் தொடாத அளவுக்குப் பாதி தூரம் திருகி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சரியான மரையில் மிகச் சிறிய அசைவுதான் இருக்கும். தளதளவென்று ஆடினால் அது உங்கள் ஃபில்டர் இல்லை. மரை அளவி இருந்தால் அடாப்டரின் முனையில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. அடாப்டரின் மரை என்ன என்பது கிட்டோடு வரும் தாளில் இருக்கும். அதை ஃபில்டர் எண்ணோடு சேர்த்து ஒரு சீட்டில் எழுதி, பானெட்டின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஆயில் மாற்றுபவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.

மரைக்கு அடுத்து மூன்று விஷயங்கள். ஃபில்டரின் கேஸ்கெட் முழுவதும் அடாப்டரின் கடைந்த சமதளத்தின் மேலேயே உட்கார வேண்டும். விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் மடல் இருக்க வேண்டும். வெளிவட்டத் துளைகளுக்குள் எட்டிப்பார்த்தால் கறுப்பாகவோ செம்மஞ்சளாகவோ அது தெரியும். மூன்றாவது, நீளமும் பருமனும். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள கார்களில் ஸ்டீயரிங் தண்டு ஃபில்டர் இருக்கும் அதே பக்கமாகத்தான் இறங்குகிறது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அது சாயும். நிறுத்தி வைத்திருக்கும் காரில் இடிக்காத ஃபில்டர், ஓடும் காரில் இடிக்கலாம். சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளியாவது இருக்கட்டும். பெரிய ஃபில்டர் நல்ல ஃபில்டர் என்று எண்ணி மிக நீளமானதை வாங்காதீர்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

அடாப்டர் கிட், அதன் புதிய வளையங்கள், இரண்டு ஃபில்டர்கள், சம்ப் பிளக்குக்குப் புதிய வாஷர், ஐந்து லிட்டர் 20டபிள்யூ-50 ஆயில். கூலர் இல்லாத எம்ஜிபிக்கு ஃபில்டரோடு சேர்த்து 4.26 லிட்டர் பிடிக்கும். கூலர் இருந்தால் ஏறக்குறைய 0.42 லிட்டர் கூடுதலாக வேண்டும். பழைய எஞ்சின்களில் கேம் தண்டோடு உரசும் தட்டையான டாப்பெட்டுகளுக்குத் துத்தநாகச் சேர்ப்பு போதிய அளவில் உள்ள ஆயில் நல்லது. பழைய கார்களுக்கென்றே விற்கும் 20டபிள்யூ-50 ஆயில்களில் அது இருக்கும்.

கருவிகளில் ரிங் ஸ்பேனர், டார்க் ரென்ச், ஆறு லிட்டராவது கொள்ளும் அகலமான தட்டு, நல்ல விளக்கு, சிறிய கண்ணாடி, நுனி வளைந்த மெல்லிய ஊசி, மண்ணெண்ணெய், நூல் பிரியாத பருத்தித் துணி. பஞ்சு வேஸ்ட் வேண்டாம். அதன் இழைகள் ஆயில் பாதைக்குள் போய்விடும். சிலிக்கான் பசைக் குழலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். அடாப்டர் கசிந்தால் பசையை அப்பலாம் என்ற சபலம் வரும். பிதுங்கிய பசைத் துண்டு ஒன்று உள்ளே போய் ஆயில் துளையை அடைத்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும்.

பழையதைக் கழற்றுதல்

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கை பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிடுங்கள். ஆயில் இளகி நன்றாக வடியும். காரின் முன்பகுதியை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் காருக்கு அடியில் போகக் கூடாது.

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் ஃபில்டருக்கு அருகிலேயே இருப்பதால் ஸ்பேனர் பட்டுப் பொறி பறக்கலாம். முதல் கால எம்ஜிபிகளில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். 1967 வரை வந்த கார்களில் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். பலர் பிற்பாடு அதை மாற்றியிருக்கிறார்கள். எந்த முனை உடலுக்குப் போகிறது என்று ஒயரைத் தொடர்ந்து பார்த்து, அந்த முனையையே முதலில் கழற்றுங்கள்.

சம்ப் ஆயிலை வடித்துவிட்டு, தட்டைக் கிண்ணத்துக்கு அடியில் நகர்த்துங்கள். கிண்ணத்தின் அடியில் இருக்கும் நீண்ட போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றும் முன்பே விளிம்பிலிருந்து ஆயில் வழியத் தொடங்கும். வழிந்து முடியட்டும். பிறகு ஒரு கையால் கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டே போல்ட்டை விடுவியுங்கள். நிரம்பிய கிண்ணம் எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும்.

கிண்ணத்துக்குள் இருப்பவற்றை எடுத்த வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்கி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காகித வடிகட்டியைத் தூக்கிப் போடாமல் கத்தியால் வெட்டி, மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். நுண்ணிய கறுப்புப் பொடி இயல்பானது. செம்பு நிறத்தில் மினுங்கும் துகள்கள் பேரிங்கின் மேலடுக்கு தேய்ந்துவிட்டதைக் காட்டுகின்றன. அப்படி இருந்தால் புதிய ஃபில்டர் எதையும் காப்பாற்றாது. முதலில் பேரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளத்தில் ஒளிந்திருக்கும் வளையம்

இந்த வேலையில் நேரும் விபத்துகளுக்குப் பெரும்பாலும் பழைய ரப்பர் வளையமே காரணம். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்த வளையம் பள்ளத்தின் அடியில் அடிப்பிடித்த சோறு போல ஒட்டிக்கொண்டிருக்கும். கறுத்து, தட்டையாகி, பளபளப்பாக, வார்ப்பிரும்பைப் போலவே தெரியும். பள்ளம் காலியாக இருப்பதாக நினைத்து அதன் மேல் புதிய வளையத்தை வைத்துவிடுவார்கள். மேல் வளையம் பள்ளத்துக்குள் முழுதாக அடங்காது. ஆகவே பக்கச் சுவர்களின் பிடிமானம் அதற்குக் கிடைக்காது. மெதுவாக ஓடும் எஞ்சினில் ஒழுகாமலும் இருக்கும். அழுத்தம் ஏறிய கணத்தில் ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வரும். அதன்பின் சம்ப் காலியாகச் சில நிமிடங்கள் போதும். முன்பு வேலை செய்தவர்கள் விட்டுவிட்டதால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் கிடக்கவும் கூடும். ஒன்றை எடுத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

சோதிக்கும் முறை எளிது. விளக்கைப் பிடித்து, கண்ணாடியில் பள்ளத்தைப் பாருங்கள். ஊசியின் நுனியை அடியில் வைத்து லேசாக அழுத்துங்கள். உலோகத்தில் ஊசி வழுக்கும், ரப்பரில் இறங்கும். ஓரிடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. வட்டத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் குத்திப் பாருங்கள். துண்டுதுண்டாக உடைந்த வளையத்தின் ஒரு பகுதி மட்டும் தங்கியிருக்கலாம்.

ரப்பர் இருந்தால் ஊசியை அதன் நடுவில் குத்தி, நெம்பித் தூக்குங்கள். பள்ளத்தின் சுவரையோ அடியையோ கீறாமல் செய்ய வேண்டும். கீறல் விழுந்தால் அதன் வழியே ஆயில் கசியும். மிகவும் இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் தோய்த்த துணியை அரை மணி நேரம் அழுத்தி வைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மணல் துகள் உள்ளே போய்விடும். கடைசியில் பள்ளத்தையும் தலையின் சமதளத்தையும் நடுத்துளையின் விளிம்பையும் துணியால் துடைத்து, விரல் நுனியால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். கண் தவறவிடும் பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்.

தலை எஞ்சினோடு சேரும் இடத்தில் ஆயில் ஈரம் தெரிந்தால், இப்போதே தலையையும் கழற்றி அங்குள்ள கேஸ்கெட்டை மாற்றிவிடுங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டால், புதிய அடாப்டர் கசிகிறதா அந்தப் பழைய கேஸ்கெட் கசிகிறதா என்று பிரித்தறிய முடியாமல் தவிப்பீர்கள்.

பொருத்துதல்

அடாப்டரை முதலில் வளையம் எதுவும் இல்லாமல் தலையில் வைத்துப் பாருங்கள். விளிம்பு பள்ளத்துக்குள் இடறாமல் இறங்குகிறதா, வெளிவட்டத் துளைகள் தலையின் ஆயில் வழியோடு தொடர்பில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். நடுப்பகுதி இடைவெளியின்றி மூடுகிறதா என்று சோதிக்க, அடாப்டர் தொடும் முகத்தில் பொருத்து மையை (இரண்டு முகங்கள் எங்கே தொடுகின்றன என்று பதிந்து காட்டும் மை) மிக மெல்லியதாகத் தடவி, வைத்து அழுத்தி எடுங்கள். தலையில் உடைபடாத முழு வட்டமாக மை பதிந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் நடுவில் இடைவெளி இருக்கிறது, அழுக்கு ஆயில் அதன் வழியே சுத்தமான பக்கத்துக்குத் தாவும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாததால் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் தெரியாமல் போகும். சில கிட்டுகளில் நடுவுக்கென்று தனி ஓ-ரிங் வரும். அதன் இடத்தைத் தாளில் பார்த்து, மறக்காமல் போடுங்கள். சோதனை முடிந்ததும் மையைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

இப்போது புதிய வளையத்துக்குச் சுத்தமான ஆயில் தடவி, பள்ளத்தில் நான்கு எதிரெதிர் இடங்களில் முதலில் அழுத்தி, பிறகு இடைப்பகுதிகளை உள்ளே தள்ளுங்கள். ஒரே இடத்தில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே போனால் கடைசியில் வளையம் நீண்டு மிஞ்சும். பெட்டியில் பல வளையங்கள் இருந்தால், பள்ளத்தின் அகலத்தைச் சரியாக நிரப்புவதும், கழற்றிய பழையதன் குறுக்குவெட்டை ஒத்திருப்பதும் எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

அடாப்டரை நேராகத் தூக்கி, நடு போல்ட்டைக் கையாலேயே சில மரைகள் ஏற்றுங்கள். கையால் ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது. முடிவான இறுக்கத்துக்குக் கிட்டின் தாளில் குறித்த அளவை டார்க் ரென்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கசியாது என்ற எண்ணம் அலுமினிய அடாப்டரையும் பழைய தலையின் மரையையும் ஒருசேரக் கெடுக்கும்.

இதுபோல் தொங்கும் அமைப்பில் ஒரு பெரிய வசதி உண்டு. ஃபில்டரின் வாய் மேல்நோக்கி இருப்பதால், மாட்டும் முன்பே அதை ஆயிலால் நிரப்பிவிடலாம். மெதுவாக ஊற்றுங்கள். காகிதம் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், இரண்டு மூன்று முறை ஊற்ற வேண்டியிருக்கும். விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்துங்கள். கேஸ்கெட்டில் ஆயில் தடவி, ஃபில்டரைத் திருகுங்கள். கேஸ்கெட் அடாப்டரைத் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று, கையாலேயே. ஃபில்டரின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஃபில்டர் ரென்ச் கழற்றுவதற்கு மட்டும்.

முதல் ஓட்டம்

சம்ப் பிளக்கைப் புது வாஷரோடு மூடி, மேலே நான்கு லிட்டர் ஆயில் ஊற்றுங்கள். நேரே சாவியைத் திருப்பிவிட வேண்டாம். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். இக்னிஷன் காயிலுக்கு வரும் சிறு ஒயரையும் எடுத்துவிடுங்கள். பிளக் துளைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும் என்பதால் பொறி எதுவும் இருக்கக் கூடாது. பேட்டரியை இணைத்து, ஸ்டார்ட்டரை ஒரு நேரத்தில் பத்து விநாடிக்கு மேல் போகாமல் சுற்றுங்கள். இடையே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பிளக் இல்லாததால் எஞ்சின் சுமையின்றிச் சுழலும், பேரிங்குகளுக்கு நோகாது. டாஷ்போர்டில் ஆயில் அழுத்தம் காட்டும் முள் எழும்பும்வரை இதைச் செய்யுங்கள்.

சில முறை சுற்றியும் முள் அசையவில்லை என்றால் பம்ப் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபில்டர் தலைக்கு வரும் குழாயின் இணைப்பைத் திறந்து, ஆயில் கேனால் குழாய்க்குள் ஆயிலைச் செலுத்தி, மூடிவிட்டு மீண்டும் சுற்றுங்கள். முள் எழாமல் எஞ்சினைக் கிளப்பவே கூடாது.

முள் எழுந்த பிறகு பிளக்குகளையும் ஒயரையும் மாட்டி எஞ்சினைக் கிளப்புங்கள். இதற்கு இன்னொருவர் உடன் இருப்பது நல்லது. ஒருவர் முள்ளைப் பார்க்க வேண்டும், மற்றவர் விளக்கோடு அடாப்டரைப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடிக்குள் அழுத்தம் வராவிட்டாலோ ஆயில் பீய்ச்சினாலோ உடனே அணைத்துவிடுங்கள். வந்துவிட்டால், எஞ்சின் குளிர்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே நிமிடத்துக்கு 2500 சுற்று வரை உயர்த்திச் சற்று நேரம் வைத்திருங்கள். ஆயில் கெட்டியாக இருக்கும்போதுதான் அழுத்தம் மிகுதி. கசிய வேண்டிய வளையம் அப்போதே கசிந்து காட்டிவிடும். சூடேறிய பிறகு ஐடிலில் 10 முதல் 25 பவுண்டு வரை அழுத்தம் இருப்பது எம்ஜிபிக்கு இயல்பு. இன்றைய கார்களுக்குப் பழகியவர்கள் அந்த முள் இறங்குவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

கசிவு தெரிந்தால் எங்கிருந்து என்று துல்லியமாகப் பாருங்கள். எல்லாவற்றையும் துடைத்து, வெள்ளைத் தாள் ஒன்றை முதலில் தலைக்கும் அடாப்டருக்கும் இடையிலான கோட்டில் ஒற்றுங்கள். பிறகு ஃபில்டர் கேஸ்கெட்டின் கோட்டில் ஒற்றுங்கள். ஃபில்டர் கேஸ்கெட்டில் என்றால் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். மேல் கோட்டில் என்றால் இன்னும் இறுக்கிப் பார்க்காதீர்கள். வளையம் முறுக்கியிருக்கிறது, அல்லது அடியில் பழையது இன்னும் இருக்கிறது. அடாப்டரை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவுக் குச்சியைப் பாருங்கள். திருகி மாட்டும் ஃபில்டர் பழைய கிண்ணத்தின் அளவுக்கு ஆயில் பிடிக்காமல் போகலாம். ஆகவே புத்தகத்தில் உள்ள 4.26 லிட்டரை அப்படியே ஊற்றாமல், குச்சியின் கோட்டைப் பார்த்து ஊற்றுங்கள். முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மீண்டும் அடியில் படுத்து, இரண்டு கோடுகளையும் தாளால் ஒற்றிப் பாருங்கள். அதோடு ஃபில்டரின் மேல் எதுவும் உரசிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டீயரிங் தண்டின் பக்கமாகப் பெயின்ட் மினுங்கத் தேய்ந்திருந்தால் இன்னும் சிறிய ஃபில்டருக்கு மாறிவிடுங்கள்.

அதன்பின் 5000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது கார் அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை, ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றலாம். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்ட வேண்டாம். கேனில் அடைத்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

மற்ற கார்கள்

எம்ஜிஏவுக்கும் ட்ரையம்ப் டிஆர் வரிசைக்கும் ஆஸ்டின்-ஹீலிக்கும் இதே போன்ற கிட்டுகள் உண்டு. பள்ளத்தைச் சோதிப்பது, மரையை ஆட்டிப் பார்ப்பது, பொருத்து மை, முள் எழும்வரை சுற்றுவது ஆகியவை எந்தக் காருக்கும் மாறாது. ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ நிற்கும் அமைப்பு என்றால், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் மடல் அங்கே கட்டாயம். அது இல்லாத மலிவு ஃபில்டரில் இரவெல்லாம் ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். காலையில் கிளப்பியவுடன் முள் எழத் தாமதமாகும், அந்த விநாடிகளில் பேரிங்குகள் உலர்ந்தே சுழலும்.

கழற்றிய கிண்ணம், போல்ட், ஸ்பிரிங், அழுத்தத் தட்டு, வாஷர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் தடவி, ஒரே பையில் போட்டுக் காரின் எண்ணை எழுதிக் கட்டி வையுங்கள். முன்பு எடுத்த படத்தின் அச்சுப் பிரதி ஒன்றையும் பைக்குள் போடுங்கள். காரை வாங்கப் போகும் அடுத்தவர் பழைய நிலைக்கே திருப்ப விரும்பினால், எது எதன் மேல் உட்கார வேண்டும் என்பது அவருக்கு அதில் தெரியும்.